எமிலி அக்காவின் தேர்வுக்கு என் தலை

சுட்ட முடியின் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. கோழியை நெருப்பில் வாட்டும்போது வருகிற வாடையோடு, அதன்மேல் யாரோ சென்ட் அடித்துவிட்டது போன்ற ஓர் இனிப்பும் கலந்து வரும். எனக்கு அந்த நாற்றம் பழக்கமானது சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த மாடியில். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. படியில் பாதி ஏறும்போதே அந்த வாடை இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கே முடியை என்னவோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் நாலு குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் குடியிருந்தோம். அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக வேலை பார்த்தாள். பக்கத்துப் போர்ஷனில் எமிலி அக்கா, தன் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தவர். ஏன் வந்தார் என்று பெரியவர்கள் எங்கள் முன்னால் பேசமாட்டார்கள். ஆனால் யாராவது குறிஞ்சிப்பாடி பஸ்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் எழுந்து உள்ளே போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அண்ணன் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஆறு மாசம் இன்னா படிக்கணுமோ படி. சர்டிபிகேட் வந்தா இங்க இரு, வேலைக்குப் போ. வரலன்னா மச்சான் வந்து கூப்புடறப்ப ஒழுங்கா கிளம்பிடணும்."

அக்கா படித்தது அழகுக்கலை. காலை பாசஞ்சரில் சிதம்பரம் போய்ச் சாயங்காலம் திரும்புவார். பாஸ் செய்கிறவர்களுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு பார்லரில் வேலை வாங்கித் தருவதாக அங்கே டீச்சர் சொல்லியிருந்தாராம். கடைசித் தேர்வுக்கு ஒவ்வொரு மாணவியும் நிஜமான ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆளை அவர்கள் பாஷையில் "தலை" என்பார்கள். "உன் தலை வருதாடி?", "என் தலைக்குக் காய்ச்சல்டி" என்று அவர்கள் பேசிக்கொள்வதை அக்கா சொல்லிக் காட்டும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அக்காவின் தலையாகப் போக ஒப்புக்கொண்டிருந்தது அவருடைய அண்ணி. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தன் முடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அண்ணி பின்வாங்கிவிட்டார். அக்கா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு முடி இடுப்பைத் தாண்டி இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் சைக்கிளில் "சவுரி முடிக்கு ஸ்டீல் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். தலை சீவும்போது உதிர்கிற முடியை அம்மா சுருட்டிச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்து, அவரிடம் போட்டு டம்ளர் வாங்குவாள். ஆகவே முடியைத் தொடுகிற யாரும் ஆதாயம் இல்லாமல் தொடமாட்டார்கள் என்பது அவள் தீர்மானம். அது போதாதென்று, முடி அந்நியர் கையில் கிடைத்தால் அதை வைத்து ஏதாவது செய்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள்தான். ஆனால் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை.

"ஓசியில வெட்டி வுடுவாங்களாம். எவளாவது சும்மா செய்வாளா? இவ முடி மேல கண்ணு வெச்சிட்டாளுங்க" என்றாள் அம்மா, அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே.

"எனக்கு வேற தலை இல்லக்கா. ரெண்டே விரக்கடை. அதுக்கு மேல போவமாட்டேன்."

"மாதா மேல சொல்லு."

"மாதா மேல சத்தியமா."

அம்மா அதையும் நம்பவில்லை. என்னைத் திருப்பி நிற்க வைத்து, முடியின் நுனியிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே அளந்து, சட்டையின் பின்பக்கம் அந்த இடத்தில் சிவப்பு நூலால் குறுக்கே ஒரு தையல் ஓட்டினாள். அந்த நூலுக்கு மேலே கத்தரிக்கோல் போகக் கூடாது. கிளம்புகிற அன்று காலை, ஜவுளிக்கடை கவர் ஒன்றை மடித்து என் கையில் திணித்தாள். "விழுற முடிய ஒண்ணு வுடாம பொறுக்கிக்கினு வா. கேக்க வெக்கமா இருந்தா கேக்காத. பொறுக்கு."

ரயிலில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். சிதம்பரத்தில் இறங்கியதும் எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். எதற்காக இப்போது பன் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

மாடியில் நீளமான ஒரு ஹால். சுவரோரம் கண்ணாடிகள், அவற்றின் முன்னால் ஸ்டூல்கள். பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் தலை ஒன்று, ஆறு மாதத்தில் எல்லா முடியையும் பறிகொடுத்துவிட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் சூடான இடுக்கியில் யாருடைய முடியையோ சுருட்டிக் கருக்கிக்கொண்டிருந்தாள். என் முதுகைப் பார்த்ததும் மாணவிகள் கூடிவிட்டார்கள்.

"இன்னாடி எமிலி, உன் தலைக்கு பார்டர் போட்டு அனுப்பியிருக்காங்க!"

"அவுங்க அம்மா டெய்லராடி?"

"டெய்லர் இல்லடி, போலீசு!"

அக்கா சிரிக்கவில்லை. எனக்குக் காது மடல் எரிந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தேன். வெள்ளை உரச் சாக்கு, வாய் திறந்திருந்தது, உள்ளே பாதிக்கு மேல் முடி. ஒரு பெண் துடைப்பத்தோடு ஸ்டூலுக்கு ஸ்டூல் போய், விழுந்த முடியைக் கூட்டி அள்ளி அதில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் அந்தச் சாக்கு ஒன்றே எனக்குச் சாட்சியாகிவிட்டது.

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மேடம் வந்திருந்தார். கையில் ஓர் அடிஸ்கேல். அக்கா என் தலையை அலசி, சீவி, முடி முழுவதையும் முதுகில் விரித்தார். தோளில் போடுகிற துணியை, சிவப்பு நூல் மறையாதபடி மடித்துப் போட்டார். பிறகு கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. என் முடி தரையில் விழுவதைக் கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்தேன். துடைப்பக்காரப் பெண் பக்கத்து ஸ்டூலை முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள். வாய் திறந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இடது காலைப் பின்னால் நீட்டி, விழுந்த முடியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நேரா உக்காரு பாப்பா" என்றார் அக்கா. நிமிர்ந்தேன். துடைப்பம் மறுபடி கிட்டே வந்தது. கால் தானாகப் பின்னால் போயிற்று. காலோடு இடுப்பும், இடுப்போடு இடது தோளும் சரிந்தன. "நேரா, கண்ணு." மறுபடி நிமிர்ந்தேன், மறுபடி சரிந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் என் முடியை மறுபடி கையில் எடுத்து நீவினார். எவ்வளவு தேறும் என்று பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

மேடம் வந்தார். என் இரண்டு தோள்களையும் பிடித்து நேராக நிறுத்தி, முதுகில் ஸ்கேலை வைத்தார். நான் சரிந்து உட்கார்ந்திருந்ததால் வெட்டும் சரிந்திருந்தது. வலது பக்கம் நூலுக்குச் சரியாக நின்றது. இடது ஓரம் நூலுக்கு மேலே ஒரு விரல் ஏறிவிட்டது.

"இன்னும் நேரம் இருக்கும்மா. மொத்தத்தையும் இந்த ஓரத்துக்குச் சமமா எடுத்துடு. மத்ததெல்லாம் நல்லா செஞ்சிருக்க, பாஸ் போட்டுடறேன்."

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எடுக்கட்டுமா பாப்பா?" என்றுகூட அவர் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். எடுங்கக்கா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் கோணலாக உட்கார்ந்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த அண்ணன் வாசலில் நின்று சொன்னது எனக்கும் தெரியும்; இந்த ஒரு விரல் முடிக்குப் பின்னால் குறிஞ்சிப்பாடி பஸ் நிற்கிறது என்பதும் தெரியும். ஆனால் அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது, ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

"இல்ல மேடம். இதுக்கு மேல எடுக்கமாட்டேன்" என்றார் அக்கா.

"ஒரு விரல் முடிம்மா! இதுக்கா பெயில் ஆவப்போற?"

"இவுங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம். ஓரத்துல போனது கை தப்பு. மீதியும் போனா அது சத்தியம் மீறினதாயிடும்."

மேடம் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஸ்டூலுக்குப் போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்து முடி பொறுக்கினேன். துடைப்பக்காரப் பெண் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "இத எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போற? குப்பை வண்டிக்காரனே வேணாங்கறான், ரெண்டு மாசமா சாக்கு அப்படியே கிடக்குது." அன்று நான் அதை நம்பவில்லை. இன்றும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன்.

வளவுக்குத் திரும்பியதும், நான் வாய் திறப்பதற்கு முன்பே அக்கா அம்மாவிடம், "என் கை தப்பிடுச்சுக்கா, ஒரு ஓரம் ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார். அம்மா கவரைக் கவிழ்த்து முறத்தில் கொட்டினாள். நான் அள்ளி வந்ததில் சுருட்டை முடி இருந்தது, நரைமுடிகூட இருந்தது. பக்கத்து ஸ்டூல்களில் விழுந்ததையும் சேர்த்து வாரியிருக்கிறேன். அம்மா ஒரு நரைமுடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "பாத்தியா, நம்ம முடிய வெச்சிக்கினு எவ முடியையோ குடுத்து அனுப்பியிருக்கா!" நான் காலி கவரை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

பிறகு என்னைத் திருப்பிப் பார்த்தாள். கோணலாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்கூலில் நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று, வீட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என்னைப் பின்கட்டில் துவைக்கிற கல்லருகே நிறுத்தி, முடி முழுவதையும் அந்த இடது ஓரத்துக்குச் சமமாக வெட்டினாள். நூலுக்கு மேலே ஒரு விரல். நாலு வெட்டில் முடிந்துவிட்டது. "இன்னா இப்ப, முடிதான, வளந்துடப் போவுது" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பின்கட்டு எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. கொடிக்குப் பக்கத்தில் எமிலி அக்கா, பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அம்மா வெட்டி முடிக்கும்வரை பார்த்தார். பிறகு துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டார்.

அக்கா பாஸாகவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம் என்று டீச்சர் சொன்னாராம்; அண்ணன் ஒப்பவில்லை. சில வாரங்களில் அக்காவின் வீட்டுக்காரர் இன்னொரு பெரிய மனுஷரோடு வந்தார். முதலில் வளவுக்கு வந்தபோது கொண்டுவந்த அதே பையோடு அக்கா கிளம்பினார். எங்கள் வாசலில் நின்று "பாப்பா எங்கக்கா?" என்று அவர் கேட்டது குளியலறைக்குள் எனக்குக் கேட்டது. பேச்சுக்குரல் ஓய்கிறவரை நான் வெளியே வரவில்லை. "நல்ல வேளை, இன்னும் எத்தினி பேரு தலைய மொட்டையடிச்சிருப்பாளோ" என்றாள் அம்மா. பிற்பாடு அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வீட்டிலேயே பெண்களுக்கு முடி வெட்டிவிடுகிறார் என்றார் ஒருவர். கத்தரிக்கோலையே தொடுவதில்லை என்றார் இன்னொருவர். குறிஞ்சிப்பாடி இங்கிருந்து வெகுதூரமில்லை. நான் போய்க் கேட்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. வளவை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சிதம்பரத்து மாடியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். இடுப்பைத் தாண்டிய என் முடியும் போய்விட்டது. பின்னினால் சுண்டுவிரல் கனம்கூட வருவதில்லை. கடலூரிலேயே கண்ணாடிக் கதவு போட்ட அழகுக்கலைப் பள்ளிகள் வந்துவிட்டன. அப்படி ஒன்றின் வாசலில், மாணவிகளின் பயிற்சிக்கு ஆள் தேவை, கட்டணம் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பல நாள் பஸ்ஸிலிருந்து பார்த்து, போன மாதம் ஒருநாள் இறங்கிவிட்டேன். உள்ளே போகிறவரைக்கும், ஓசியில் எதற்குச் செய்கிறார்கள் என்ற சந்தேகம் விடவில்லை. அது ரத்தத்தில் ஊறியது.

எனக்கு வாய்த்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அன்று அவளுக்குத் தேர்வு. சீவி முடித்துவிட்டு, "எவ்ளோ எடுக்கலாம் ஆன்ட்டி?" என்றாள்.

"உனக்குத் தேவையானத எடுத்துக்கம்மா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் சீப்பை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நெஜமாவா? அப்புறம் வீட்டுக்குப் போயி போன் போட்டுத் திட்டக் கூடாது ஆன்ட்டி. போன வாரம் ஒருத்தவங்க இப்படித்தான் சொல்லிட்டு, எழுந்துக்கறப்ப அழுதுட்டாங்க. இருங்க, எங்க மேடத்தையே கூப்புடறேன், அவுங்க எதிர்ல சொல்லிடுங்க."

மேடம் வந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த தலைகளெல்லாம் கண்ணாடி வழியாக என் பக்கம் திரும்பின. முகம் எனக்குச் சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார் மேடம்.

கடைசி ஸ்டூல்வரை கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.