வெறும் நிலத்தில் கூடிய நைட்ரஜன்

மண்ணில் கார்பனும் நைட்ரஜனும் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஆலங்குடிப் பக்கம் ஒருவர், மின் ஆலையில் எரிக்க விற்பதற்காகச் சவுக்கு வளர்க்கிறார். ஊடே கடலை. சவுக்கடியில் மண் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்காக, மரமில்லாத நாலு துண்டு நிலத்தை அப்படியே சும்மா போட்டுவைக்கச் சொல்லியிருந்தேன்.

முடிவு தலைகீழாக வந்தது. வெறும் நிலத்தில்தான் நைட்ரஜன் அதிகம்.

என் பேராசிரியர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மண்ணுப் பைய மாத்திக் கட்டிட்டியா?"

நான் மாற்றவில்லை. பைகளை உலர்த்தியது கூடப் படிப்பவன். அவனைக் கேட்டேன்.

"ஒன் மண்ண வச்சு நான் என்ன பானையா செய்யப் போறேன்?" என்றான். நான் நம்பவில்லை.

அப்புறம் பேராசிரியரையே சந்தேகப்பட்டேன். "பொருந்தாத எடத்த விட்டுட்டு, மரம் மண்ணத் தேத்துதுன்னு எழுதி முடி" என்று ஏன் இத்தனை அவசரப்படுகிறார்?

பஸ் ஏறிப் போனேன். வெறும் நிலத்தில் குனிந்து பார்த்தால், மண்ணோடு மண்ணாக ஆட்டுப் புழுக்கை. நிலத்துக்காரரைப் பிடித்தேன்.

"யூரியா போட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப இது?"

"கெடை போட்டேன்."

மேய்ச்சலுக்கு வந்த செம்மறி மந்தையை ராத்திரி அங்கே அடைத்திருக்கிறார், நிலத்துக்குச் சத்தாகட்டும் என்று.

"எதுவும் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேங்க!"

"அங்கிட்டெல்லாம் பச்சையா நிக்குது, ஒங்க எடம் மட்டும் வெளுத்துக் கெடக்கு. புள்ளைக்கு மார்க்கு கொறஞ்சுருமேன்னு மந்தைக்காரக் கீதாரியக் கெஞ்சிக் கூட்டியாந்தேன்."

"எந்தத் துண்டுல?"

"நாலுலயுந்தான். ஒண்ணுல போட்டு ஒண்ணுல விட்டா நல்லாவா இருக்கும்?"

அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இனி ஒப்பிட நிலமே இல்லை. பேராசிரியருக்குப் போன் போட்டேன். "கெடை சமாச்சாரத்த எழுதாத" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அந்த அளவுகளைத் தூக்கிப் போட்டேன். வேறு துண்டுகள் கேட்டு வாங்கி, சுற்றிலும் முள்வேலி வேண்டும் என்றேன்.

"எம்மேல நம்பிக்கை இல்லையாக்கும்?"

"இல்லைங்க."

சிரித்துக்கொண்டே அவரே கருவேல முள்ளை இழுத்துவந்து அடைத்தார். பட்டம் தள்ளிப்போகும். போகட்டும். இப்போது போனவுடன் நான் மண் எடுப்பதில்லை. முள்ளில் ஆட்டு மயிர் ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.