புயல் கூண்டு ஏறிய வாரத்தில் எண்ணிய இறால்

2010 டிசம்பரில் கடலூர், சிதம்பரம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, சந்தேகம் தீர. முகத்துவாரத் தண்ணீரின் உப்பை வைத்து இறால் குஞ்சு எவ்வளவு வரும் என்று கணிக்கும் கணினி நிரல்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஜனவரியில் சமர்ப்பிக்க வேண்டும். மழைக்காலக் கணிப்பும் களத்தில் எண்ணியதும் மொத்தமாகப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தின. என் ஆய்வு கைடு பாராட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உயிருள்ள எதுவும் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்காது.

சென்னையிலிருந்து கடலூர் நூற்றெண்பது கிலோமீட்டர், பஸ்ஸில் நாலரை மணி நேரம். துறைமுகத்துக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். அறுபது என்றேன், உடனே சரி என்றார். நாற்பது என்றிருக்க வேண்டுமோ?

எங்களுக்குப் படகு ஓட்டும் சேகர் அண்ணன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுத்து, இறால் குஞ்சு எண்ணி, என் நிரலில் ஏற்றி அனுப்ப நான் அமர்த்திய செந்தில் உண்மையிலேயே வருகிறானா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“டான்னு வந்துருவான் மேடம். தீபாவளி முடிஞ்சு கூண்டு ஏத்துனாங்க இல்ல, அப்ப மட்டும் ஒரு வாரம் எந்த போட்டும் போவல.”

கூண்டு என்றால் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கை. அந்த வாரத்துக்கும் செந்தில் எனக்கு எண்ணிக்கை அனுப்பியிருந்தான். மிக அழகாகப் பொருந்திய நாட்களும் அவைதான்.

செந்தில் இருக்கும் சிதம்பரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம், பதினாறு ரூபாய். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். செந்தில் விலங்கியல் முடித்தவன். தெற்கு வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தான்.

“அந்த வாரத்து நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?”

அவன் ஒளிக்கவே இல்லை. “கட்டம் காலியா இருந்தா உங்க புரோகிராம் ஓட மாட்டேங்குதுக்கா. உப்பு மட்டும் தோராயமா குடுத்தேன். எத்தினி குஞ்சுன்னு அதுவே சொல்லிருச்சு, அதையே போட்டுட்டேன்.”

என் நிரல் சொன்னதை என் நிரலோடே ஒப்பிட்டு நான் மார்தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா?”

“எதுக்குக்கா? அது தப்பே பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

அங்கேயே பென்டிரைவைச் செருகி அந்த வாரத்தை நீக்கிப் பார்த்தேன். மிச்ச நாட்களில் கணிப்பு பாதிக்குப் பாதி தப்பு. குஞ்சு அதிகம் வந்ததாகக் காட்டிய அந்த ஒரு வாரம்தான் மொத்தப் பொருத்தத்தையும் தூக்கிப் பிடித்திருக்கிறது.

கள ஆய்வுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: மழை மாதங்களில் கூண்டு ஏறியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். படகுக்காரரிடம் நீங்களே பேசுங்கள். எண்ண முடியாத நாளைக் காலியாக விடச் சொல்லுங்கள், காலிக் கட்டத்தையும் ஏற்கும்படி நிரலை எழுதுங்கள்.

திரும்பும் முன் பஸ் நிலையத்திலிருந்து கைடுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரலில் அதிர்ச்சியே இல்லை. “ஒரு வாரம்தானம்மா, யாரும் கேக்க மாட்டாங்க. விட்டுடு” என்றார்.

ஜனவரியில் நான் சமர்ப்பிக்கவில்லை. அவரிடம் எனக்கு முன் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, கூண்டு ஏறிய நாட்களுக்கும் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.