கௌதாரிக்கு முன்னால் ஓடியவன்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், திருத்தணியில் நடந்தது இது. எனக்கு வயது பதினாலு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த என் அத்தாவுக்கு, நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று வேட்டை ஆசை வந்துவிட்டது. லைசென்ஸ் எடுத்து, பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றையும் வாங்கிவிட்டார். அதற்கு முன் அவர் ஒரு காக்காயைக்கூடக் கல்லால் அடித்தது கிடையாது. நானும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. விடிந்ததும் சைக்கிளில் கே.ஜி.கண்டிகை தாண்டிப் புதர்க்காட்டுக்குப் போவோம். ஜும்மா தொழுகைக்குள் திரும்பிவிடுவோம். முதல் மூன்று வாரம் அங்கிருந்த கௌதாரிகளுக்கு எங்களால் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது வாரம்தான் ஒன்று விழுந்தது.

விழுந்தால் மட்டும் போதாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் நாங்கள் அதைச் சாப்பிடலாம். கத்தியோடு ஓடுவது என் வேலை. நான் போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிட்டது. அடுத்த வாரமும் அதே கதை. அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“செத்துப் போனத எடுத்துக்கினு வந்து என் அடுப்பாண்ட வெக்காதீங்க.”

அத்தாவுக்கு என் மேல் எரிச்சல். “இன்னாடா ஆடி அசைஞ்சு போற? மாப்பிள்ளை ஊர்வலமா போவுது?” என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

சுட்ட பிறகு ஓடினால்தானே தாமதம்? அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்ததுமே ஓட ஆரம்பித்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. பெரிய புத்திசாலித்தனம் என்று எனக்கு நினைப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை புதரிலிருந்து ஒரு கௌதாரி கிளம்பியது. அத்தா குறி பார்த்தார். நான் கத்தியோடு பக்கவாட்டில் வளைந்து ஓடினேன். துப்பாக்கி வெடித்தது. பறவை எனக்கு நாலடி முன்னால் வந்து விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் குனிந்தேன். அதே நேரம் இன்னொரு கௌதாரி தாழப் பறந்து என் பக்கம் வந்திருக்கிறது. அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அத்தா, இரண்டாவது குழலையும் சுட்டுவிட்டார்.

காதில் நெருப்பு பட்டது போல இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தா துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என் சட்டையைக் கழற்றினார். முதுகு, வயிறு, கழுத்து என்று தடவினார். தலைமயிரை விலக்கி விலக்கித் துப்பாக்கி ரவை தேடினார். பக்கத்து வேர்க்கடலை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

“ஒண்ணும் ஆவல பாய். காதுல தோலுதான் போச்சி, உடுங்க” என்றார்.

அத்தா விடவில்லை. மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தார்.

“நீ எப்பட்றா முன்னால போன?” என்று மட்டும் கேட்டார்.

“சீக்கிரம் போவலாம்னுதான் அத்தா” என்றேன்.

அந்தக் கௌதாரி பக்கத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டு கிடந்தது. ரொம்ப நேரம் உயிரோடு இருந்தது. கத்தியும் என் கையில்தான் இருந்தது. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை. எங்கள் கண்ணெதிரே துடித்துச் செத்தது. பாவம், அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வேட்டையை நாங்கள் விட்டுவிடவில்லை. ஆனால் அதன்பின் நான் அத்தாவின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அவர் சுட்டு முடித்து, குழலை மடித்து, இரண்டும் காலிதானா என்று பார்த்து, துப்பாக்கியைத் தரையில் வைத்த பிறகு, “ஆங், போ” என்பார். அதற்குள் பாதிப் பறவைகள் செத்துப்போயின. ஏன் தாமதம் என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

அத்தா என்னை மடியில் வைத்துக் கொஞ்சியதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் இந்த வயதில், மிச்சமிருக்கும் நாலு முடியை வெட்டுவதற்காக முடிதிருத்துபவர் என் தலையில் கை வைக்கும்போதெல்லாம், ரவை தேடிய அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன.