கீழ்வீட்டு அண்ணையும் என் தாடி ஓணான்களும்

ஹனோவரில் நாங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் இன்னொரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த மனிதரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டேனே தவிர எனக்கு அவரைப் பிடிக்காது; அவருக்கும் என்னைப் பிடிக்காது. சைக்கிள் விடும் இடம், குப்பைவாளி, படியில் சப்பாத்துச் சத்தம் என்று சண்டைக்கு நாங்கள் காரணம் தேடித் திரியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுக் கோடையில், என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது தன் இரண்டு தாடி ஓணான்களை என்னிடம் தந்தார். அவுஸ்திரேலியச் சாதி. கோபம் வந்தால் கழுத்துத் தோல் கறுத்து உப்பும். பின்வளவில் சட்டம் அடித்து, வலை போட்டு, மணல் நிரப்பி விட்டேன். குளிர் வருமுன் உள்ளே எடுக்கச் சொல்லியிருந்தார். கண்ணாடிப் பெட்டி வாங்கப் பஞ்சிப்பட்டு, இன்றைக்கு நாளைக்கு என்று நான் நாளைக் கடத்தினேன்.

அண்ணைக்கு அவற்றைக் கண்ணில் காட்டக்கூடாது.

"ஊரில கல்லெறிஞ்சு கலைச்ச சாமானை இங்க வீடு கட்டி வளர்க்கிறீரோ? என்ர மனிசி உடுப்புக் காயப்போடவும் பயப்பிடுறா. ஒருநாளைக்கு அள்ளி எறிஞ்சுபோடுவன், பாரும்."

"தொட்டுப் பாருங்கோ" என்றேன்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். கூடு வெறுமையாக இருந்தது. மூடியின் கொக்கி கழன்று தொங்கியது. நேராகப் போய் அவருடைய கதவில் அடித்தேன்.

"எங்க என்ர ஓணான்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எறிவன் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"சொன்னனான். செய்யேல்லை. விடிய வெள்ளன வாசலுக்கு வந்து என்னைக் கள்ளன் எண்டுறீரோ?"

"கள்ளன் மட்டுமில்லை, கொலைகாரன் எண்டும் சொல்லுவன்."

என் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "மேல வாங்கோ, சனம் பாக்குது." நான் அசையவில்லை. திங்கட்கிழமை பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடக்கிறது, பொலிசில் முறைப்பாடு இருந்தால் அது தடைப்படலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனேன்.

இரண்டு கிழமை கழித்துக் கூட்டைக் கழற்ற இறங்கினேன். சவளால் மணலை அள்ளிக்கொண்டு போக, பெரிய கல்லுக்கு அடியில் அது எதிலோ மெத்தென்று இறங்கியது. ஓணானின் பாதி வால் சவளோடு வந்தது. உடம்பு மணலுக்குள் கிடந்தது. பக்கத்திலேயே மற்றது, கண்ணை மூடிச் சுருண்டபடி. செத்துவிட்டது என்றே நினைத்தேன். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்த பிறகு விலா ஒருமுறை அசைந்தது.

இரண்டையும் சப்பாத்துப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் ஓடினேன். குளிர் தொடங்கினால் குழி தோண்டி மண்ணுக்குள் உறங்குவது அவற்றின் இயல்பு என்றார் அந்தப் பெண். இந்த நாட்டுப் பனி அந்த ஆழத்துக்கும் இறங்கும், விட்டிருந்தால் இரண்டும் உறைந்து செத்திருக்கும் என்றும் சொன்னார். "வளர்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். வால் அறுந்தது இரண்டாம் நாள் செத்தது. மற்றதைப் பெட்டியில் நிலவறைக்குள் வைத்தேன். பெப்ரவரியில் கண் திறந்தது. கொக்கியை நானேதான் கொளுவாமல் விட்டிருப்பேன்.

அவற்றை மண்ணுக்குள் கண்ட மறுநாளே முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கீழே போனேன்.

"அண்ணை, ரெண்டும் மண்ணுக்கதான் கிடந்தது. பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"முந்தநாள் பொலிசில கூப்பிட்டு இருத்தி விசாரிச்சவங்கள். எனக்கு டொச் பாஷை காணாது எண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனனான். ஓணானைக் கொலை செய்தனீங்களோ எண்டு அவள்தான் தமிழில கேட்டவள், தகப்பனை. உம்மை மன்னிக்க என்னால ஏலாது."

கதவைச் சாத்தினார்.

அவருக்குக் குடியுரிமை கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வசந்தத்தில் வீடு மாறினார்கள். சாமான் ஏற்றிய அன்று படியிறங்கிப் போய் அலுமாரியின் ஒரு பக்கத்தில் கை வைத்தேன்.

"கையை எடும்" என்றார்.

அவரும் மனைவியுமாக அதை இழுத்து, இரண்டு இடத்தில் இறக்கி வைத்து, லொறி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்.