மறுபூசை

செஞ்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். ராஜா மலை, ராணி மலை, களஞ்சியம், யானைக் குளம் என்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி இளநீர் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போகிறார்கள். ராஜாக்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அதற்கப்புறம் இந்த ஊர் எதைக்கொண்டு உயிரோடிருந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன், மல்லாட்டை என்று. பட்டணத்தில் அதை வேர்க்கடலை என்பார்கள், புத்தகத்தில் நிலக்கடலை என்று போட்டிருக்கும். கோட்டையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மல்லாட்டை மில்லைப் பற்றி எழுத நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கு அதில் கோபமும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மில் வருவதற்கு முன்னால் வியாபாரிகள் மூட்டைகளை வீடு வீடாகக் கொடுத்து உடைக்கச் சொல்வார்கள். கட்டை விரல் நகம் பிளந்து ரத்தம் கசியும். பிறகு திருவண்ணாமலை ரோட்டில் நீளமாகத் தகரக் கொட்டகை போட்டு, ஆயில் இன்ஜின் இறக்கி, உடைக்கிற மிஷின் வைத்தார்கள். அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து வண்டி வண்டியாக மல்லாட்டை வந்து குவிந்தது. மிஷின் உடைக்கும், தோலை ஊதித் தள்ளும். நாங்கள் பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் புடைத்து, கல்லையும் சொத்தைப் பருப்பையும் பொறுக்குவோம். சாயங்காலம் அடுப்புக்கு ஒரு கூடைத் தோல் அள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் தெருவில் யாருக்கும் காணி நிலம் கிடையாது. மழை பெய்தால் கூலி இல்லை, வெயில் கொளுத்தினாலும் காட்டில் குனிந்துதான் ஆகவேண்டும் என்று இருந்தவர்களுக்கு, தலைக்கு மேல் கூரையோடு கிடைத்த முதல் வேலை அது. அறுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம் ஆகாத வயதில், நானும் அதில்தான் இருந்தேன்.

இன்ஜின்காரர் என் நைனா. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டாள். வீட்டில் அவரும் நானும்தான். அந்த இன்ஜினை நைனா பார்த்துக்கொண்டதுபோல் மாமியார்கூட மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளமாட்டாள். கால் கழுவாமல் அதன் பக்கத்தில் போகமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைப்பார். கிளம்பாமல் முரண்டு பிடித்தால், "இன்னா கோவம் உனுக்கு?" என்று அதனிடம் கேட்பார். நாங்கள் முறத்தால் வாயை மூடிக்கொண்டு சிரிப்போம்.

மில்லுக்குக் கேடு ரயில் ரூபத்தில் வந்தது. செஞ்சிக்கு ரயில் இல்லை, திண்டிவனத்துக்கு இருந்தது. இன்ஜினையும் மிஷினையும் ஸ்டேஷன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் வண்டிக்கூலி மிச்சம் என்று முதலாளிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். அவர் வெளியூர்க்காரர், எங்களிடம் வாயே திறக்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் சங்கிலிக் கப்பியோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு காலி லாரி வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. பெரியம்மா முதலில் எழுந்தாள். பெரியம்மா என்றால் எனக்குச் சொந்தமில்லை. பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் தலைவி, அதனால் எல்லாருக்கும் பெரியம்மா. "எங்க மேல ஏத்திட்டு உள்ள போ" என்று கேட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தோம். லாரி திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை வைத்துக்கொண்டு கேட்டில் காவல் இருந்தோம். மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டியைத் தவிர வேறெதையும் உள்ளே விடவில்லை.

இப்படியே ஆயுதபூசை வந்தது. அன்றைக்கு மில் பார்க்க அழகாக இருக்கும். இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பெரிய சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பக்கத்தில் வாழைக்கன்று கட்டுவார்கள். எங்கள் முறங்களும் சல்லடைகளும் பொட்டு வைத்துக்கொண்டு அதன் காலடியில் வரிசையாக இருக்கும். சாக்கு தைக்கிற பாய் தன் கோணி ஊசியையும் கொண்டுவந்து கொடுப்பார். "அதுவும் ஒரு நாள் தூங்கட்டும்" என்பார். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை போடுகிறவரை யாரும் தொடக்கூடாது. இது சட்டம் போட்டு வந்ததில்லை. கத்தியை எடுக்கக்கூடாது என்பதால் முதல் நாளே காய் நறுக்கி வைத்துக்கொள்கிற ஜனங்கள் நாங்கள்.

பூசைக்கு முந்தின நாள் நைனா என்னிடம் சொன்னார். "நாளைக்கு எதுக்கும்மா காவல்? பூசைல ஒக்காந்த இன்ஜின எவன் தொடுவான்? தொட்டா கை வெளங்குமா? எல்லாரையும் ஊட்டுக்குப் போயி நல்லநாளும் அதுவுமா வடை பாயசம் செஞ்சி சாப்ட சொல்லு. நான் இருக்கறேன் இல்ல?"

நான் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்க நைனாவே சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவரு சொன்னா சரிதான்" என்றாள். பாய்க்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எனுக்கு ஒண்ணும் நாளைக்குப் பண்டிகை இல்லியே தங்கச்சி, நான் வேணா கேட்ல ஒக்காந்துக்கறேன்" என்றார். "எதுக்கு பாய், நைனா இருக்காரு" என்று நான்தான் சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலையில் பூசை முடிந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம். நான் வடை சுட்டு, பாயசம் காய்ச்சி, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு மதியம் நைனாவுக்குக் கொண்டுபோனேன். கேட் விரியத் திறந்திருந்தது. உள்ளே லாரி, அதன் மேல் உடைக்கிற மிஷின் ஏற்கெனவே ஏறியிருந்தது. நாலைந்து பேர் உத்தரத்தில் தொங்கிய சங்கிலிக் கப்பியை இன்ஜினில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா தரையில் மண்டியிட்டு, ஸ்பேனரால் இன்ஜினின் கடைசி அடி போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். மாலை இன்னும் சக்கரத்தில்தான் இருந்தது.

"இன்னா நைனா இது?"

"பயப்படாத. தப்பு ஒண்ணும் பண்ணல. மறுபூசை போட்டுட்டேன்." பக்கத்தில் புதிதாக ஒரு தேங்காய் உடைத்து வைத்திருந்தது. கற்பூரம் எரிந்த கரி தெரிந்தது.

"மறுபூசை நாளைக்கு தானே?"

"உச்சி தாண்டிப் போட்டாலும் ஒத்துக்கும். ஐயர கேட்டுட்டேன்."

"எப்போ கேட்ட?"

"போன வாரமே கேட்டுட்டேன்."

போன வாரம். அவர் என்னிடம் கை விளங்காது என்று சொன்னதோ நேற்று. வேலியே பயிரை மேய்ந்த கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், அந்தப் பயிரே நான்தான் என்று அன்றுதான் தெரிந்தது. பெரியம்மாவிடம் முதலாளி வந்து சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். நைனாவே நேரில் போய்ச் சொல்லியிருந்தால்கூட நாலு கேள்வி கேட்டிருப்பாள். அதனால்தான் என் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறார்.

"உனுக்கும் அங்க ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் நைனா, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே. "பொறுக்கற பொம்பளைங்கள மேய்க்கற வேலை. குனிய வேணாம்."

"பெரிம்மாங்க எல்லாம்?"

"இன்னா கொண்டாந்த? பசிக்குது" என்று என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டார்.

நான் தெருவுக்கு ஓடி வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். மாவு ஒட்டின கையோடும் எண்ணெய்த் தலையோடும் பெண்கள் ஓடிவந்தார்கள். நாங்கள் ரோட்டுக்கு வரும்போது லாரி திண்டிவனம் பக்கம் திரும்பிவிட்டது. பின்னால் இன்ஜினோடு நைனா உட்கார்ந்திருந்தார். குழந்தையை அணைப்பதுபோல் சக்கரத்தை ஒரு கையால் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

கொட்டகைக்குள் முறங்கள் அப்படியே வரிசையாக இருந்தன. பெரியம்மா தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். "நீதானேடி வந்து சொன்ன" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். பாய் தன் ஊசியைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கத் தெருவிலிருந்து பெண்கள் கும்பலாகப் போனார்கள். விடிகாலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். என் வாசலைத் தாண்டும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். திண்டிவனத்தில் எனக்கு மேஸ்திரி வேலை தயாராக இருக்கிறது என்ற சேதி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. "தெரியாமையா இருந்திருப்பா?" என்று கிணற்றடியில் யாரோ சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னதுதான். நான் திண்டிவனம் போகவில்லை. போகாததையும் நடிப்பு என்றார்கள்.

தீபாவளிக்கு நைனா புடவையோடு வந்தார். நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. "எனுக்கு ஒண்ணும் வேணாம் நைனா. தெருவுல நின்னு, எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ" என்றேன். இன்ஜினைக் கொண்டுபோனதற்குக்கூட ஏதோ நியாயம் இருக்கலாம், முதலாளி நெருக்கியிருக்கலாம், மகளுக்கு ஒரு வாழ்வு தேடியிருக்கலாம் என்று என்னை நானே சமாதானம் செய்து வைத்திருந்தேன். இந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

"உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? நாலு நாள்ல தானா அடங்கிடும்" என்றார். எழுந்து பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார். நான் விடாமல் கூடவே போனேன்.

பஸ் ஸ்டாண்டில் பெரியம்மா ஒரு மல்லாட்டை மூட்டையோடு நின்றிருந்தாள். நைனாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நேரே வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் ண்ணா, மறைக்காம சொல்லு. ஒம் பொண்ணுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

திண்டிவனம் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. நைனா படியில் ஒரு காலை வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாது என்று சொன்னால், கூடவே இருந்த மகளையும் ஏமாற்றினவன் என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"அவளையே கேளு" என்றார். மேலே ஏறி, உள்ளே போய்விட்டார்.

பஸ் போயிற்று. நான் பெரியம்மாவின் பக்கம் திரும்பினேன். அவள் என்னைக் கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லிப் பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டாள்.