அம்மை குத்திய வருஷம்

அந்த வருஷத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தத் தெருவில் யார் யார் போனார்கள் என்றுதான் பேசுகிறார்கள். தை மாதம் ஸ்ரீரங்கத்தில் தொடங்கிய பெரியம்மை பாலத்தைத் தாண்டி மலைக்கோட்டைப் பக்கம் எப்படி வந்தது, எந்த வீட்டு வாசலில் முதலில் வேப்பிலை செருகினார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். நான் எழுந்து போய்விடுவேன். என் மகள் அம்மையில் போனாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அப்போது பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேகன்களுக்கு நம்பர் எழுதுகிற வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது நல்ல வேலை. நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்தும் இருந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இரண்டு அறையில் குடியிருந்தோம். நான், என் மனைவி, மூன்று வயது மகள், என் அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவர். அவர் சொன்னதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அதை மரியாதை என்று மற்றவர்கள் சொன்னார்கள். மரியாதை இல்லை. எதிரே ஒருவர் நின்றால் எனக்கு வாய் வராது.

முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்துகிறவர் சந்துக்குள் வந்த அன்று பலர் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். என் மனைவி ஒளிக்கவில்லை. தானே மகளைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றாள். அவர் குழந்தையின் கையில் இரண்டு இடத்தில் கீறி மருந்து வைத்தார். தண்ணீர் படக்கூடாது, துடைக்கக்கூடாது, கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று எட்டாம் நாள் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மனைவி குடத்தோடு குழாயடிக்குப் போனதும் அத்தை பாதி எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார். மாரியம்மா தெருவில் இறங்கியிருக்கிற நேரத்தில் மாட்டுச் சீழை எடுத்துப் பிள்ளை உடம்பில் வைத்தால் அவளுக்குக் கோபம் வரும் என்றார். எங்கள் சந்தில் பல வீடுகளில் நடந்ததுதான். வாசலில் குத்திக்கொள்வார்கள், கொல்லையில் துடைத்துவிடுவார்கள். சர்க்காருக்கும் பொல்லாப்பில்லை, அம்மாவுக்கும் பொல்லாப்பில்லை.

"நீயே துடைடா. பெத்தவன் துடைச்சாத்தான் அவ மனசு ஆறும்."

துடைத்தேன். எரிகிறது என்று குழந்தை கையை இழுத்தாள். இழுக்க விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு கீறலையும் அழுத்தித் துடைத்தேன். அத்தை சொன்னதை நான் நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொப்புளம் எழும்பியது. எங்கள் குழந்தையின் கை காய்ந்துவிட்டது. மனைவிக்குக் கவலை. எட்டாம் நாள் குத்துகிறவர் சந்து முனையில் வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டு வாங்க என்று குழந்தையை என் தோளில் போட்டு அனுப்பினாள். கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றேன். அவர் எங்கள் சந்துக் கொல்லன் ஒருவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"மருந்தைத் துடைச்சுட்டு வந்து என் மூஞ்சியப் பாக்குறியா? போ, மாரியாத்தாகிட்ட காட்டு கையை. அவ சீட்டு எழுதித் தருவா."

கூட்டம் சிரித்தது. கொல்லனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். அவன் பிள்ளைக்கு அங்கேயே மறுபடி குத்தினார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டான், பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டான். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. குழந்தையை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதுவே போதும் என்று சொல்லிவிட்டார் என மனைவியிடம் சொன்னேன்.

பத்து நாளில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் வந்தது. என் மனைவியின் அண்ணன் அங்கேதான் இருந்தார். அவர் மனைவிக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டில் வேறு பெண்துணை இல்லை. இவள் போய்த்தான் பார்க்க வேண்டும். அம்மா இருக்கிற வீட்டுக்குள் போய்த் தங்கினவர்கள், மூன்று தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பும் வரை வெளியே வரக்கூடாது. எத்தனை நாளாகும் என்று தெரியாது. குழந்தையை விட்டுப் போவதா, கூட்டிப் போவதா என்று அவள் யோசித்தாள். ஜட்கா வண்டி வந்து நின்றது. அத்தை கதவோரத்தில் நின்றார்.

"ஏங்க, இவளுக்குத்தான் குத்தியிருக்கே. கூட்டிட்டுப் போனா பயமில்லையே?"

"பயமில்லை" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை நான் பிறகு எத்தனையோ விதமாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். அத்தையின் எதிரில் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்று. மனைவி என்ன நினைப்பாளோ என்ற வெட்கம் என்று. அம்மா நம் குழந்தையை ஒன்றும் செய்யமாட்டாள் என்ற நம்பிக்கை என்று. எதுவும் நிற்கவில்லை. குழந்தை எங்களோடு இருக்கட்டும் என்று சொல்ல உண்மைகூட வேண்டியிருக்கவில்லை. ஏதாவது ஒரு பொய் போதும். அதுவும் எனக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நான் உள்ளே போனால் வெளியே வர முடியாது, வேலைக்குப் போக முடியாது. அதனால் தினமும் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் அந்த வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நிற்பேன். மனைவி ஜன்னலுக்கு வருவாள். அந்த வீட்டு வாசலில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அம்மா கூடவே வந்துவிடுவாள் என்பார்கள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எனக்குச் சுலபமாகவே இருந்தது.

ஒருநாள் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குத்தின பிள்ளைக்கு இப்படி முத்து வாராதாமே, அம்மை குத்தினவர் உங்களிடம் சரியாக என்னதான் சொன்னார் என்று கேட்டாள். போதும் என்றுதான் சொன்னார் என்று மறுபடியும் சொன்னேன்.

பதினோராம் நாள் அவள் அண்ணன் வெளியே வந்து என்னைக் கையால் கூப்பிட்டார். அன்றுதான் உள்ளே போனேன். அம்மா கொண்டுபோன பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூடாது. யாரும் அழவில்லை. கொள்ளிடக் கரையில் புதைத்தோம். அவள் அண்ணி பிழைத்துக்கொண்டார்.

மனைவி திரும்பி வந்தபோது அத்தை அவளிடம் சொன்னது இதுதான்: "நான் அப்பவே சொன்னேன். குத்தினதாலதான் அவளுக்குக் கோபம்." துடைத்தது அத்தைக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் கொடுத்ததே அவர். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் சொன்னார். மனைவி நம்பினாள். நான் சும்மா இருந்தேன்.

மறுவருஷம் மகன் பிறந்தான். அடுத்த மழைக்காலத்தில் அத்தை காலமானார். அது முடிந்து மூன்றாம் மாதம் சந்தில் மறுபடி அம்மை குத்த வந்தார்கள். மனைவி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"குத்தின பிள்ளையத்தான் மண்ணுல வச்சிட்டு வந்தேன். இவனைத் தரமாட்டேன்."

அவர்கள் மூன்று வீடு தள்ளி இருந்தார்கள். தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். எலுமிச்சம்பழம், சந்து முனை, கொல்லன், எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அவள் கேட்டது ஒன்றுதான். "பயமில்லைன்னு சொன்னீங்களே?"

தாழை எடுத்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு தானே வெளியே போய்க் குத்திக்கொண்டு வந்தாள். கொப்புளம் எழும்பி, பழுத்து, பொருக்கு உதிரும் வரை அவனை மடியை விட்டு இறக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அவனோடு அடுத்த அறையில் இருந்தாள்.

பொருக்கு உதிர்ந்த அன்று அவனைத் தரையில் விட்டாள். அவன் நேராக என்னிடம் தவழ்ந்து வந்தான். நான் கையை நீட்டினேன். அவள் எழுந்து வந்து அவனை எடுத்துக்கொண்டு போனாள்.