இடது பக்கத்தை வெட்டச் சொன்னேன்

எங்கள் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யார் எதைப் போட்டாலும் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குறையைச் சொல்லாதவன் என்ன நண்பன்?

அதனாலேயே ஒரு நண்பன் தன் படங்களை மன்னார்குடியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு நேரில் எடுத்துவருவான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவன். அவன் மாமனாருக்கு நன்னிலம் பக்கம் வயல். மருமகன் வேலையை விட்டதிலிருந்து, “சாப்ட்டீங்களா மாப்ள?” என்பதற்கு மேல் அவர் பேசுவதில்லை. நண்பன் நொந்துபோயிருந்தான்.

பொங்கலுக்கு அவர் வயலையே பெரிய படமாகச் சட்டம் போட்டுக் கொடுப்பது என்று முடிவெடுத்தான். கார்த்திகையில் மாமனார் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம் அது.

“இதுவும் அவருக்குப் புடிக்கலன்னா கேமராவ வித்துட்டு மறுபடியும் வேலைக்கே போயிடுறேன்டா” என்றான். சும்மா சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. வெளிச்சம் அருமை, பனி அருமை என்றேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

“இடது பக்கம் என்னடா இவ்ளோ குப்பை?”

அங்கே ஒரு மோட்டார் கொட்டகை. பக்கத்தில் சரிந்த வைக்கோல்போர். அதன்மேல் மழைக்குப் போர்த்திய பழைய ஃப்ளெக்ஸில், மஞ்சள் நீராட்டு விழாப் பெண் ஒருத்தி தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும் வயலச் சேந்ததுதானேடா?”

“கண்ணு அந்தப் பொண்ணுகிட்டயே போய் நிக்குது. வெட்டு.”

வரப்பு வரைக்கும் வெட்டினான். பச்சையும் பனியும் ஒற்றைக் கொக்கும் மிஞ்சின. நானே அசந்துவிட்டேன்.

பொங்கலன்று துணைக்கு நானும் போனேன். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இது யாரு வயலு மாப்ள?”

“நம்ம வயலுதான் மாமா.”

“நம்ம வயலு எங்க இருக்கு இதுல? மோட்டார் கொட்டா எங்க? வைக்கப்போரு எங்க? வரப்புக்கு அந்தாண்ட இருக்கறது எம் பங்காளி வயலு! வரப்புத் தகராறுல அவங்கிட்ட பேச்சே கெடயாது. அவன் வயல எஞ் செவுத்துல மாட்டவா?”

அடுப்படியிலிருந்து நண்பனின் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நண்பன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். டவுனில் பிறந்த எங்கள் இருவருக்கும் வரப்புக்கு இந்தப் பக்கமும் பச்சை, அந்தப் பக்கமும் பச்சை.

“ஆனா படத்துக்கு வெட்டுனதுதாங்க சரி” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“வெட்டச் சொன்னது நீங்கதானா?” என்றார். அதன்பிறகு எனக்கு வடை வரவில்லை.

ஆனால் மனிதர் படத்தைக் கீழே வைக்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்தால், பொறாமையில் வயிறு எரிவது தெரிந்தது.

“ஒழுங்கா களைகூட எடுக்காத பய. அவன் வயலே படத்துல இவ்ளோ அழகா விழுந்திருக்குன்னா, நம்ம வயலு எப்படி விழும்! கதிரு முத்தி நிக்குது, இன்னும் அறுக்கல. கெளம்புங்க மாப்ள.”

ட்ரைபாடைத் தானே தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தார். நண்பன் கேமராவோடு பின்னால் ஓடினான். எங்களைப் பார்த்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பங்காளியும் தன் வயலோரம் வந்து நின்றார். சரியாகப் படத்துக்குள்.

மாமனார் அவரைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினார். “கொஞ்சம் ஒதுங்கிக்கய்யா! எம் மாப்ள போட்டோகிராபரு, படம் எடுக்குறாரு!”

அந்த நொடியில் நண்பன் எடுத்த படம் ஆடிப்போய்க் கலங்கலாக வந்திருக்கிறது. அதில் மட்டும் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.